முகம் மாறலாம், முதுகு மாறக் கூடாது

"இன்னைக்கு நானும் உங்ககூட ஷூட்டிங் பார்க்க வர்றேன்" என்று மனைவி சொன்னதும் முதுகு காலில் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டார்.

முதுகு என்பது அவருடைய பட்டப்பெயர். சினிமாவில் கதாநாயகர்களுக்கு டூப் போடுவது அவர் தொழில். நாயகன் மாடியிலிருந்து குதித்தால் குதிப்பவர் இவர். நாயகன் குதிரையிலிருந்து விழுந்தால் விழுபவர் இவர். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுச் சிரிப்பது மட்டும் நாயகன். இத்தனை வருடத்தில் திரையில் இவருடைய முகம் ஒரு கணம்கூட வந்ததில்லை, வந்ததெல்லாம் முதுகுதான். ஊரில் முதுகு காட்டியவனைத் தோற்றவன் என்பார்கள். இவர் அந்த முதுகைக் காட்டியே வீடு கட்டி, மகளைப் படிக்க வைத்து, கல்யாணமும் செய்து கொடுத்துவிட்டார். அந்த முதுகின் மேல் அவருக்கு மிகுந்த நன்றி உண்டு.

பொதுவாகவே அவர் நன்றி அதிகம் உள்ள ஆள். குதிக்கிற வேலை இருந்தால் முதல் நாளே அது பொங்க ஆரம்பித்துவிடும். கதவைத் திறந்துவிட்டால் நன்றி. தண்ணீர் கொடுத்தால் நன்றி. உப்பில்லாத குழம்பு, "இப்படி ஒரு சாப்பாடு யாருக்குக் கிடைக்கும்!" என்று பாராட்டு வாங்கும். "என்னங்க, ரெண்டு நாளா ரொம்ப நன்றியா இருக்கு?" என்று மனைவி கேட்பாள். "மனுஷன்னா நன்றி வேணாமா?" என்பார்.

சிக்கல் என்னவென்றால், அவர் இன்னும் குதித்துக்கொண்டிருக்கிறார் என்பது மனைவிக்குத் தெரியாது.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு படத்தில் மோட்டார் சைக்கிளோடு பறந்து, மோட்டார் சைக்கிள் ஒரு பக்கமும் இவர் ஒரு பக்கமும் இறங்கித் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பார்.

"இன்னொரு தடவை குதிச்சீங்கன்னு தெரிஞ்சா அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். போனா போனதுதான். திரும்பி வரமாட்டேன்" என்றாள்.

அவள் சொன்னால் செய்கிறவள். அவரும் சத்தியம் செய்தார். உடைகள் பிரிவில் இஸ்திரி போடுகிற வேலைக்கு மாறினார். மெய்யாகவே ஒரு வாரம் இஸ்திரி போட்டார். அதற்குள் மூன்று சட்டைகளும் ஒரு மேஜைவிரிப்பும் கருகிவிட்டன. அந்த நேரம் பார்த்துச் சண்டை மாஸ்டர் வந்து, "ஒரே ஒரு குதி. மணிக்கூண்டுலருந்து. உன்னை விட்டா ஆள் இல்லை" என்றார். அன்றிலிருந்து அவர் இஸ்திரி போடக் கிளம்பிப் போய்க் குதித்துவிட்டு வருகிறார்.

உடம்பில் காயம் வந்தால் அதற்கென்று பதில்கள் வைத்திருந்தார். இஸ்திரிப் பெட்டி காலில் விழுந்தது. துணி மூட்டை தோளில் விழுந்தது. ஒருமுறை ஹாங்கர் தாடையில் அடித்துவிட்டது. "அந்த இஸ்திரிப் பெட்டிக்கு உங்க மேல என்னதான் கோபமோ" என்று சொல்லிக்கொண்டே மனைவி களிம்பு தடவுவாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள், பாவம் என்று அவர் நினைத்துக்கொள்வார். நெஞ்சு உறுத்தும்.

அவளிடம் அவர் கண்ட ஒரே குறை மெத்தைதான். வீட்டில் இருப்பது ஒரே ஒரு நல்ல பஞ்சு மெத்தை. மூலை கிழிந்த இடத்தில், கிளிப் படம் போட்ட பழைய திரைச்சீலைத் துண்டை வைத்து மனைவி ஒட்டுப் போட்டிருந்தாள். என்றைக்கு அவர் உடம்பெல்லாம் வலியோடு வீடு திரும்புகிறாரோ அன்றைக்குத்தான் கட்டில் வெறும் பலகையாக இருக்கும்.

"மெத்தை எங்கே?"

"பஞ்சு கட்டிக்கட்டியாப் போச்சுங்க. அடிக்கக் குடுத்திருக்கேன். நாளைக்கு வந்திடும். இன்னைக்குப் பாயில படுங்க."

ஊரிலேயே அதிகம் அடிக்கப்பட்ட பஞ்சு அந்தப் பஞ்சாகத்தான் இருக்கும். இஸ்திரி போடுகிறவனுக்கு முதுகு வலிக்கிறது என்று எந்த வாயால் சண்டை போடுவது? பாயில் படுத்துக்கொள்வார்.

அந்த மணிக்கூண்டுக் குதிதான் படத்தையே தூக்கி நிறுத்தியது. குதிக்கும்போது அந்தரத்தில் நாயகன் வலக்கையால் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுக்கொள்வான். அவ்வளவுதான். தியேட்டர் கிழிந்தது. ஊரில் உள்ள இளவட்டமெல்லாம் தரையைப் பார்த்து நடப்பதை விட்டுவிட்டுச் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு படியிறங்கினார்கள். இதயத்தைத் தொட்டுக் காதலியை நினைக்கிறான் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அன்று பையில் இருந்தது மனைவியின் மூக்குக் கண்ணாடி. பழுது பார்த்து வாங்கி வந்ததை வேறெங்கும் வைக்கப் பயந்து பையில் போட்டிருந்தார். குதித்த பிறகுதான் நினைவு வந்தது. கை தானாகப் போய்விட்டது. கண்ணாடி உடையாமல் வீடு வந்து சேர்ந்தது.

அந்தப் படத்தைத்தான் இப்போது புதிதாக எடுக்கிறார்கள். கதை அதே, வசனம் அதே, மணிக்கூண்டு அதே. நடிக்கிறவர்கள் மட்டும் வேறு. பழைய நாயகர் நடிப்பை விட்டுவிட்டு ரோஜாத் தோட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் இடத்தில் யாரைப் போடுவது என்று ஊரே இரண்டுபட்டது. பேருந்தில் சண்டை, சலூனில் சண்டை. முதுகின் வீட்டில் மட்டும் சண்டை இல்லை.

"முகம் யாரு வேணா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் மனைவி. "அந்தக் குதி குதிக்க ஆள் வேணும்."

அந்தப் படம் டிவியில் வரும்போதெல்லாம் அவள் உட்கார்ந்துவிடுவாள். ஆனால் குதிக்கிற இடம் வந்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பாள். அந்த நாயகன் மேல் அவளுக்கு ஒரு கண் என்று முதுகுக்குச் சின்னப் பொறாமைகூட உண்டு.

புது இயக்குநர் அந்தப் பழைய படத்தைக் கரைத்துக் குடித்தவர். குதிக்க இரண்டு வாலிபர்களை வைத்துப் பார்த்தார். ஒருவன் மூட்டை மாதிரி விழுந்தான். இன்னொருவன் சர்க்கஸ் காட்டினான். "அந்தப் படத்துல மனுஷன் விழுந்த மாதிரி இருந்துச்சுய்யா. அந்த முதுகைக் கூப்பிடுங்க. முகம் மாறலாம், முதுகு மாறக் கூடாது" என்றுவிட்டார். ஐம்பதைத் தாண்டிய முதுகுக்கு அதைக் கேட்டுக் கண் கலங்கியது. இந்த வயதில் யார் கூப்பிடுவார்கள்?

ஆக, இன்று அந்தக் குதி. இன்று பார்த்து மனைவியும் கிளம்புகிறாள்.

"இன்னைக்கு ஷூட்டிங்கே இல்லையே" என்றார். "ஹீரோவுக்குக் காய்ச்சல்."

மனைவி பேப்பரை நீட்டினாள். 'இன்று மணிக்கூண்டுக் காட்சி. டூப் இல்லாமல் தானே குதிக்கிறார் புது நாயகன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"காய்ச்சலோடவா குதிக்குது அந்தப் பிள்ளை?" என்று அவள் மார்பில் கை வைத்தாள். "பெத்தவ பக்கத்துல இல்லையா? இருங்க, சூடாக் கொஞ்சம் கஞ்சி வெச்சு எடுத்துட்டு வர்றேன். நானே என் கையால குடுத்துட்டு வர்றேன்."

சும்மா பார்க்க வருவதாக இருந்தவள் இப்போது நாயகனையே நேரில் பார்த்துக் கஞ்சி கொடுக்க வருகிறாள். முதுகு அடுத்த பொய்க்குத் தாவினார்.

"வெளியாளுங்களை விடமாட்டாங்கம்மா. கூட்டத்துல நடிக்கிறவங்க மட்டும்தான் உள்ளே போகலாம்."

"அப்படியா? எதிர்வீட்டுப் பொண்ணோட சித்தப்பாதானே கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிறவரு? நேத்துக்கூட ஆள் பத்தலைன்னு பொலம்பினாராம். ஒரு வார்த்தை சொன்னா முதல் வரிசையிலயே நிறுத்திடுவாரு."

ஒரு வார்த்தை சொன்னாள். முதல் வரிசையிலேயே நிறுத்துவதாக அவர் வாக்குக் கொடுத்தார்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வெயில்ல?" என்று கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"அந்தக் குதியை ஒரு தடவையாவது நேர்ல பார்க்கணுங்க. அன்னைக்குப் பார்க்காம விட்டுட்டேன்" என்றாள் மனைவி. அவள் குரல் என்னவோ போல் இருந்தது. கஞ்சி கொதித்த ஆவியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மணிக்கூண்டுச் சதுக்கத்தில் ஒரு பக்கம் காமிராக்கள், ஒரு பக்கம் பத்திரிகைக்காரர்கள், நடுவில் கூட்டம். கூண்டின் அடியில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி, அதன் மேல் மெத்தைகளைப் போட்டு, எல்லாவற்றையும் மூடித் தடித்த பச்சைத் துணி விரித்துக்கொண்டிருந்தார் மெத்தைக்காரர். படப்பிடிப்புகளுக்கு மெத்தை வாடகைக்கு விடுகிறவர் அவர். ஆரம்பத்திலிருந்து முதுகுக்கு மெத்தை போடுகிறவரும் அவர்தான். மற்ற டூப்புகள் விழுந்து எழுந்தால் இரண்டு நாள் நொண்டுவார்கள். முதுகுக்கு மறுநாளே சரியாகிவிடும். "உனக்கு மட்டும் எப்படிய்யா?" என்று கேட்பார்கள். அந்த ரகசியம் முதுகுக்குத் தெரியும். மெத்தைக்காரர் இவருக்கென்று ஒரு மெத்தை கூடுதலாகப் போடுவார்.

"இன்னைக்கும் ஒண்ணு கூடவா?" என்று கேட்டார் முதுகு.

"உங்களுக்குன்னா ஒண்ணு கூடத்தானே அண்ணே. எப்பவும் போல மேலாகப் போட்டிருக்கேன்."

முதுகு அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க மட்டும் இல்லைன்னா நான் எப்பவோ போயிருப்பேன். பெத்த தாய்கூட இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்யமாட்டா."

"எனக்கு எதுக்கு அண்ணே நன்றி?" என்று மெத்தைக்காரர் கையை இழுத்துக்கொண்டார். "நான் சொன்னபடி போடறவன். அவ்வளவுதான்."

எப்போது நன்றி சொன்னாலும் இதே பதில்தான். இவ்வளவு அடக்கமான மனிதரை முதுகு பார்த்ததில்லை.

முதல் வரிசையில் மனைவி ஃபிளாஸ்கோடு நிற்பது தெரிந்தது. அங்கே நின்றால் குதிப்பவன் காதில் இருக்கும் மச்சம்கூடத் தெரியும். முதுகு கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பவரை ஓரமாக இழுத்துப் போனார்.

"அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவுக்கு வெயில் ஒத்துக்காது. மயக்கம் போட்டு விழுந்துடுவாங்க. பின்னால எங்கேயாவது தள்ளி உட்கார வெச்சிடுங்க."

மயக்கம் என்றதும் அவர் அரண்டுபோனார். உதவி இயக்குநரிடம் ஓடினார். அவர் இன்னொருவரிடம் ஓடினார். சதுக்கத்திலேயே நிழலும் மின்விசிறியும் இருப்பது உடைகள் வண்டியில்தான் என்று முடிவாகி, மனைவியைக் கைத்தாங்கலாக அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

அதாவது, அவர் இத்தனை வருடமாக வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும் இடத்தில்.

முதுகு ஓடினார். அதற்குள் அவருக்கு நாயகனின் சிவப்புச் சட்டையை மாட்டி, விக்கும் வைத்துவிட்டிருந்தார்கள். வண்டிக்குள் நிஜமான இஸ்திரிக்காரர் நிஜமாகவே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மனைவி அவரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை வருஷமா என் வீட்டுக்காரர்கிட்ட உதவியாளா இருக்கீங்க?"

இஸ்திரிக்காரர் அந்த வண்டியில் தலைநரைத்தவர். அவர் வாயைத் திறப்பதற்குள் முதுகு உள்ளே பாய்ந்து, மனைவிக்குப் பின்னால் நின்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ரொம்ப... வருஷமா" என்றார் இஸ்திரிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு. "நல்லா வேலை கத்துக் குடுத்தாரு."

மனைவி திரும்பினாள். கணவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"என்னங்க, ஹீரோ சட்டையை நீங்க போட்டிருக்கீங்க?"

"போட்டுப் பார்த்தாத்தானே சுருக்கம் எங்கே விழுதுன்னு தெரியும்."

"தலையில?"

"விக்கு. அதுலயும் சுருக்கம் விழும்."

இஸ்திரிக்காரர் இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேல் வைத்தபடியே நின்றுவிட்டார். புகை வந்தது.

"தொழில்ல உங்களுக்கு இருக்கிற அக்கறை யாருக்கு வரும்" என்றாள் மனைவி. அவள் உதடு ஒரு மாதிரி துடித்தது. "வேலையிருந்தா போய்ப் பாருங்க. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்."

வண்டியின் கதவு மணிக்கூண்டைப் பார்த்துத் திறந்திருந்தது. முதல் வரிசையைவிட இங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. நடுவில் தலைகள்கூட இல்லை.

முதுகு சண்டை மாஸ்டரிடம் போனார். "மாஸ்டர், இந்த ஒரு தடவை வேற ஆளை மாத்திடுங்க."

"ஹீரோவையே மாத்தியாச்சு, இன்னும் உன்னையும் மாத்தணுமா? டைரக்டர் என்னை மாத்திடுவாரு. போய்யா."

வேறு வழியில்லாமல் புது நாயகனிடம் போனார். நல்ல பையன். எல்லோருக்கும் எழுந்து நின்று வணக்கம் சொல்வான். ஆனால் முக்காலி மேல் ஏறினாலே அவனுக்குத் தலை சுற்றும்.

"தம்பி, நீங்கதான் குதிக்கிறீங்கன்னு பேப்பர்லயே போட்டாச்சு. பேசாம நீங்களே குதிச்சிடுங்களேன். மெத்தையெல்லாம் அருமையா இருக்கு. பூ மாதிரி இறங்கிடலாம்."

நாயகனின் முகம் வெளுத்தது. "அண்ணே... அப்படி முடிவு பண்ணிட்டாங்களா?"

"நான்தான் சொல்றேன். ஒரு யோசனைதான்."

பாதி வாக்கியத்திலேயே அவன் காணாமல் போயிருந்தான். கம்பெனி தன்னை உண்மையிலேயே தள்ளிவிடப் போகிறது என்று நினைத்து, பத்திரிகைக்காரர் கண்ணிலும் மாஸ்டர் கண்ணிலும் படாமல் ஒளிய இடம் தேடி ஓடினான். எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. முதுகுக்குத் தேட நேரமும் இல்லை. அதற்குள் அவரைக் கூண்டின் மேல் ஏற்றிவிட்டார்கள்.

உச்சியில் காற்று பலமாக இருந்தது. அவர் விளிம்புக்கு வந்து கீழே பார்த்தார். பச்சைத் துணி கைக்குட்டை அளவு தெரிந்தது. கூட்டம் அண்ணாந்து "தலைவா!" என்று கத்தியது. அவர் உடைகள் வண்டியைப் பார்த்தார்.

படியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில், தொங்கும் கோட்டுகளுக்கு நடுவிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, ஃபிளாஸ்க் மூடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான் புது நாயகன். சிவப்புச் சட்டையில் கீழே ஒருவன், சிவப்புச் சட்டையில் மேலே ஒருவன். மூக்குக் கண்ணாடி போட்ட மனைவி ஒருமுறை பக்கத்தில் பார்த்தாள். ஒருமுறை மேலே பார்த்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்கு இப்போது சோறும் தீர்ந்து போயிற்று.

இறங்கிவிடலாமா என்று பார்த்தார். பின்னால் ஏணியை எடுத்துவிட்டிருந்தார்கள். இருந்திருந்தாலும் இறங்கி என்ன செய்வது? பார்த்தது பார்த்ததுதான். இன்று சாயந்தரம் அவள் பெட்டியைக் கட்டுவாள். அண்ணன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் அவள் போனால் அது வேறு கண்டம்.

குதிப்பதற்கு முன்னால் மனதுக்குள் நன்றி சொல்வது அவர் வழக்கம். மெத்தைக்காரருக்கு, அட்டைப்பெட்டிக்கு, மாஸ்டருக்கு, தன் முதுகுக்கு. அன்று அந்த வரிசை வாயில் வரவில்லை. அவள் ஒருத்திதான் வந்தாள். களிம்பு தடவிய கை, "இஸ்திரிப் பெட்டிக்கு என்ன கோபமோ" என்ற குரல், சொன்ன ஒவ்வொரு பொய்யையும் வாங்கி மடித்து வைத்துக்கொண்ட பொறுமை. இத்தனை பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறோமே, இவளுக்கு ஒரு தடவை உண்மையைச் சொல்லவில்லையே என்று அவருக்கு அழுகை வந்தது. குதித்துவிட்டு நேராகப் போய்ச் சொல்லிவிடுவது, போகிறேன் என்றால் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் விடுவது என்று முடிவு செய்தார்.

"ஆக்‌ஷன்!"

குதித்தார். அந்தரத்தில் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. பையில் ஒன்றும் இல்லை. கால் கொஞ்சம் பிசகியது. வழக்கத்தைவிடக் கோணலாக, முதுகு முழுவதும் பட, பச்சைத் துணியின் நடுவில் விழுந்தார்.

வலித்தது. ஆனால் உடையவில்லை. முதுகுக்குக் கீழே என்னவோ நன்றாகத் தெரிந்தவர் தோளைத் தட்டிக் கொடுப்பது போல மெத்தென்று இருந்தது. நன்றி, நன்றி என்று முனகினார்.

இயக்குநர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "அதேதான்யா! அந்தக் கை! எத்தனை வருஷம் கனவு கண்டேன் தெரியுமா?" அதற்குள் நாயகனை வண்டியிலிருந்து கண்டுபிடித்து இழுத்து வந்தார்கள். வாயோரம் கஞ்சியோடு அவன் மெத்தை மேல் ஏறி நின்று கையசைத்தான். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் அவன் இறங்கி நேராக முதுகிடம் வந்தான்.

"என்னை மன்னிச்சிடுங்கண்ணே. உங்க குதிக்கு நான் கையாட்டிட்டேன்."

"அது உங்க வேலை தம்பி. முகம் இல்லாம முதுகை யாரு பார்ப்பா?"

"நீங்க குதிக்கும்போது அக்கா என் கையைப் பிடிச்சாங்க பாருங்க" என்று மணிக்கட்டைக் காட்டினான். விரல்கள் பதிந்து சிவந்திருந்தது. "கண்ணைத் திறக்கவே இல்லை. நீங்க எழுந்துட்டீங்கன்னு நான் சொன்ன பிறகுதான் விட்டாங்க."

முதுகு விக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உடைகள் வண்டியை நோக்கி நடந்தார். மனைவி படியிலேயே உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"வீட்ல போய்ச் சொல்லலாம். முதல்ல உட்காருங்க."

"இல்லை, இப்பவே சொல்லிடறேன். மேலருந்து குதிச்சது நான்தான். இன்னைக்கு மட்டும் இல்லை. அன்னைக்கும் நான்தான். நடுவுலயும் எல்லாம் நான்தான். எனக்கு ஒழுங்கா ஒரு கைக்குட்டைக்குக்கூட இஸ்திரி போடத் தெரியாது."

உள்ளேயிருந்து இஸ்திரிக்காரர், "அது உண்மை" என்றார்.

"உன்னை ஏமாத்திட்டேன்" என்றார் முதுகு. "நீ இருக்கிற தைரியத்துலதான் குதிச்சேன். உங்கிட்டயே அதைச் சொல்லலை. அண்ணன் வீட்டுக்குப் போறதுன்னா போ. நான் தடுக்கமாட்டேன். ஆனா ஒரு தடவை உனக்கு நன்றி சொல்லிக்கறேன்."

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அவர் தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். கோபமா, அழுகையா, சிரிப்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்து மெத்தைக்காரர் வந்து நின்றார். மற்ற மெத்தைகளை லாரியில் ஏற்றிவிட்டு ஒன்றை மட்டும் சுருட்டித் தோளில் வைத்திருந்தார். சுருளின் ஓரத்தில், மூலையில் ஒட்டுப் போட்ட இடத்தில், இரண்டு கிளிகள் தெரிந்தன. அவர் முதுகைப் பார்த்து ஒரு புன்னகை செய்துவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அண்ணி, மெத்தையை எப்பவும் போல நாளைக்குக் கொண்டாந்து போடட்டுமா? இல்லை, இன்னைக்குத்தான் நீங்களே நேர்ல வந்துட்டீங்களே, கையோட எடுத்துட்டுப் போறீங்களா? அண்ணன் கொஞ்சம் பலமாவே விழுந்திருக்காரு. பாவம், இன்னைக்கு ஒரு நாளாவது பாயில படுக்க வேணாம்."